வண்டியில் இடம்

சென்ற மே மாதம் அண்ணன் மகனின் இன்னோவாவில் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போனோம். கோரிமேடு தாண்டி, அடிவாரத்துக்குச் சற்று முன்னால் ஒரு டீக்கடை ஓரம் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று நின்றிருந்தது. யாரோ நிறையக் காசு செலவழித்துப் புதுப்பித்திருந்தார்கள். அண்ணன் மகன் வண்டியை ஒதுக்கி நிறுத்திவிட்டு இறங்கிப் போனான். நாலு பக்கமும் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். “என்ன அழகு சித்தப்பா! தாத்தா வெச்சிருந்தது இதுதானே? இந்த மாதிரி இனி யாரு செய்யப் போறாங்க” என்றான். தான் ஓட்டி வந்த வண்டியைப் பற்றி அவன் இப்படி ஒருநாளும் பேசியதில்லை. அது சௌகரியம். அழகு ரோட்டின் அந்தப் பக்கம் நின்றது.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அப்பாவைப் பற்றி இரண்டு கதை சொல்லியிருந்தால் எல்லோருக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் இங்கே யோசித்துப் பார்க்கிறேன்.

ஹெரால்டு அழகான வண்டி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்தது. டூரின் நகரத்து ஜியோவானி மிகெலோட்டி வரைந்த உருவம். வண்டியின் உடலைத் தனித்தனித் துண்டுகளாகச் செய்து, கீழே ஒரு சேஸிஸ் மேல் வைத்து, போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். இதில் கலைத் தத்துவம் ஒன்றும் இல்லை. அவர்களுக்கு உடல் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த தொழிற்சாலை 1953இல் போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. முழு உடலையும் ஒரே கூடாக அடித்துத் தர ஆள் இல்லை. எனவே வெவ்வேறு இடங்களில் துண்டு துண்டாகச் செய்து சேர்க்க வேண்டியதாயிற்று. நெருக்கடியில் பிறந்த உருவம் அது. அதே காரணத்தால் வேறு நாடுகளில் கொண்டுபோய்ப் பூட்டுவதற்கும் தோதாக அமைந்தது. 1961இலிருந்து சென்னைக்கு வெளியே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அதைச் செய்தது. அம்பாஸடர், பியட், ஹெரால்டு என்ற மூன்று பெயர்களுக்குள் அன்றைய இந்தியக் கார் உலகம் அநேகமாக அடங்கிவிட்டது. மூன்றில் சிறிய எஞ்சின் ஹெரால்டினுடையது.

அப்பா 1967இல் ஒரு டாக்டரிடமிருந்து பழைய வண்டியாக வாங்கினார். இரண்டே கதவு. பின்னால் போக, முன் ஸீட்டை மடக்கிக்கொண்டு குனிந்து நுழைய வேண்டும். 948 ஸி.ஸி. எஞ்சின், 40 குதிரைத் திறனுக்கும் குறைவு. பானெட்டைத் திறப்பது ஒரு வைபவம். மற்ற வண்டிகளில் மூடியைத் தூக்குவார்கள். இதில் விளக்கும் மட்கார்டும் சேர்ந்து வண்டியின் மூக்கு முழுவதும் முன்பக்கமாகக் கவிழும். அப்புறம் எஞ்சினும் முன் சக்கரங்களும் வெட்டவெளியில் நிற்கும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். அப்பா தம் ஞாயிற்றுக்கிழமைகளை அப்படித்தான் கழித்தார். எதிர் டயரில் நான் அல்லது அண்ணன். பிளக்கைத் துடைப்பது, கார்புரேட்டரைக் காதால் கேட்டுத் திருத்துவது, ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது எல்லாம் அங்கே கற்றது. கோர்ட்டில் குரல் எழும்பாத வக்கீல் என்று அப்பாவுக்குப் பெயர். அந்த டயர் மேல் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அவர் பேச்சில் ஒரு நிச்சயம் இருந்தது.

இன்னொரு விசேஷம், அது திரும்பும் லாகவம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். லண்டன் டாக்ஸிக்குச் சமம். ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்கள் முன்னும் பின்னும் போய்த் திணறும் இடங்களில் அப்பா ஒரே ஒடிப்பில் திரும்பிவிட்டு, எங்களைக் கண்ணாடியில் பார்ப்பார்.

இன்னோவாவின் பானெட் திறந்து நான் பார்த்ததில்லை. அடிவாரத்தில் கேட்டேன், திறந்து காட்டினான். எஞ்சின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்தது. “தொறந்து என்ன செய்யறது சித்தப்பா? சர்வீஸுக்கு விட்டா அவங்க பாத்துக்கறாங்க” என்றான். நியாயமான பேச்சு. 2393 ஸி.ஸி. டீசல் எஞ்சின், ஏறக்குறைய 150 குதிரைத் திறன். டயர் மேல் உட்கார்ந்து அதில் திருத்த ஒன்றும் இல்லை. திருத்தும் அவசியமும் வருவதில்லை. அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகள் அவனுக்கே மிஞ்சுகின்றன.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். அன்று மனிதனுக்கும் யந்திரத்துக்கும் உறவு இருந்தது, இன்று இருப்பது அந்நியமாதல். கார் என்றில்லை; காப்பி, கல்யாணம், கவிதை எதைப் பற்றியும் இந்தக் கட்டுரையை எழுதிவிடலாம். பெயர்ச்சொற்களை மாற்றினால் போதும். எதைப் பற்றியும் எழுதிவிடக்கூடிய ஒன்று எதைப் பற்றியும் எழுதப்பட்டதல்ல என்பது என் அபிப்ராயம்.

வண்டிகளே அந்த முடிவுக்கு ஒத்துழைக்க மறுக்கின்றன. நாங்கள் போன இன்னோவாவும் தனிச் சேஸிஸ் மேல் உடலை ஏற்றிய வண்டிதான். அவ்வகையில் அது அப்பாவின் ஹெரால்டுக்குத் தூரத்து உறவு. 2022இல் வந்த ஹைகிராஸ்தான் அந்த வழக்கத்தை விட்டது. பெயர்களிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஹெரால்டுக்குப் பிறகு வண்டலூரில் அதே எஞ்சினை வைத்துச் செய்த வண்டிக்குக் கெஸல் என்று பெயர் வைத்தார்கள். ஒரு வகை மான். இன்னோவாவின் மூதாதை 1977இல் இந்தோனேஷியாவில் பிறந்த கிஜாங். அந்த ஊர் மொழியில் அதுவும் மான். அந்த மான் 2000இல் குவாலிஸ் என்றும் 2005இல் இன்னோவா என்றும் பெயர் மாறி இங்கே வந்தது. வண்டலூர் மான் அதற்கு வெகுகாலம் முன்பே, 1970களின் பிற்பகுதியிலேயே நின்றுவிட்டது. அந்தக் கம்பெனி 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய வண்டியைக் கொண்டுவந்து, மூன்று வருஷத்தில் கடையைக் கட்டியது. ஆகவே சிறியது ஒரு யுகம், பெரியது ஒரு யுகம் என்றெல்லாம் கோடு கிழிக்க முடியாது.

கணக்கும் ஏக்கத்துக்குச் சாதகமாக இல்லை. ஹெரால்டு ரோட்டில் அடைத்துக்கொள்ளும் இடம் 64 சதுர அடி. இன்னோவா க்ரிஸ்டா 93 சதுர அடி. ஆனால் ஹெரால்டில் நாலு ஸீட், இதில் ஏழு. ஓர் ஆளுக்கு என்று வகுத்துப் பார்த்தால் ஹெரால்டுக்கு 16 சதுர அடி; இன்னோவாவுக்கு 13 சொச்சம். நிறைந்து போகும்வரை பெரிய வண்டிதான் சிக்கனம். ஒரு வண்டி எத்தனை பெரியது என்று கேட்பதை விட்டுவிட்டு, அதில் யார் யார் ஏறினார்கள் என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும் என்று தோன்றுகிறது.

சிறியதே அழகு என்று 1973இல் ஷூமாக்கர் தம் புத்தகத்துக்குத் தலைப்பு வைத்தார். அவர் பேசியது பொருளாதாரம். ஆனால் தலைப்பு மட்டும் தனியாகக் கிளம்பி ஊர் சுற்றத் தொடங்கிவிட்டது. சிறு வீடு, சிறு குடும்பம், சிறு வண்டி, ஏன், சிறு பத்திரிகைக்கும்கூட அதைச் சொல்லிக்கொள்கிறோம். சொல்கிறவர்கள் எப்போதும் உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்கள். ஸீட் கிடைத்தவனுக்குச் சின்ன வண்டி நெருக்கம். கிடைக்காதவனுக்கு அது வெறும் கதவு.

எங்கள் வீட்டில் ஸீட் கிடைக்காதவள் அத்தை.

அப்பாவுக்கு மூத்தவள். பத்தொன்பது வயதில் தாலி இழந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். சமையல்கட்டு, மாடு, கிணற்றடி, எங்கள் ஜுரம், பாட்டியின் வாதம் எல்லாம் அவள் பொறுப்பில் இருந்தன. வருஷா வருஷம் மே மாதத்தில் ஒரு ஞாயிறு ஏற்காட்டுக்குப் போவோம். முன்னால் அப்பா, பக்கத்தில் அம்மா, மடியில் தங்கை. பின்னால் பாட்டி, அண்ணன், நான். ஸீட்டு நாலு, தலை ஆறு. ஏழாவது தலைக்கு இடமில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் அதைச் சொன்னதுகூடக் கிடையாது. அத்தை விடியுமுன் எழுந்து புளிச்சாதம் கிளறிக் கட்டிக் கொடுப்பாள். வாசலில் நின்று வண்டி கிளம்புவதைப் பார்ப்பாள். பின்னால் பாரம் ஏறினால் அந்த வண்டியின் பின் சக்கரங்கள் கால் அகட்டிக்கொண்டு நிற்கும். அந்த அச்சின் அமைப்பு அப்படி. “கழுதை மாதிரி நிக்குது பாரு” என்று சிரிப்பாள்.

1968இல் அண்ணன் என்.சி.சி. முகாமுக்குப் போய்விட்டான். பின் ஸீட்டில் ஓர் இடம் காலி. முதல் நாள் ராத்திரியே அத்தைக்கு அது தெரிந்திருக்க வேண்டும். காலையில் பெட்டியில் மடித்து வைத்திருந்த புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, தூக்குப்போசியோடு வாசலுக்கு வந்தாள். பாட்டிதான் சொன்னாள்: “எடம் இருக்கே, அவளும் வரட்டுமேப்பா.”

அப்பா பானெட்டை மூடிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமல், “ஏத்தத்துல வண்டி இழுக்காதும்மா. எஞ்சினுக்கு ஆகாது” என்றார். டயர் மேல் உட்கார்ந்து பேசும்போது வரும் அந்த நிச்சயக் குரல்.

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. எஞ்சினைப் பற்றிப் பேச அப்பாவுக்குத்தான் அதிகாரம். அத்தை தூக்குப்போசியைக் கொண்டுவந்து காலி இடத்தில், என் பக்கத்தில் வைத்தாள். அதன் மேல் சாயாமல் இருக்கத் தண்ணீர்க் கேன் ஒன்றை அணை கொடுத்தாள். பழக்கூடையையும் வைத்தாள். அவள் எடை நாற்பது கிலோ இருந்தால் அதிகம். அவள் கையால் ஏற்றி வைத்த சாமான் அதில் பாதியாவது இருக்கும். “வீட்டைப் பாத்துக்க ஆள் வேணுமில்ல” என்று அவளே சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா சொன்னதை நம்பினேன். நம்பியதில் எனக்கு ஒரு லாபமும் இருந்தது; அண்ணன் இல்லாததால் கால் நீட்டிக்கொள்ள இடம் கிடைத்தது. மேலே ஏறும்போது ஏதோ ஒரு வளைவில் தண்ணீர் கொதித்து ஆவி கிளம்பிற்று. மே மாத வெயில், பழைய வண்டி, கொள்ளாத பாரம். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் துண்டு சுற்றித் திறந்து, அத்தை வைத்த கேனிலிருந்து தண்ணீர் ஊற்றினார். “பாத்தியா? அவளும் வந்திருந்தா இங்கேயே நின்னிருப்போம்” என்றார். அப்போதும் நம்பினேன்.

அப்பா கெட்டவர் அல்ல. அத்தையின் கைப்பட்ட சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் சாப்பிடாதவர். அவள் செத்தபோது குழந்தைபோல் அழுதவர். விதவை அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு உல்லாசப் பிரயாணம் போகிறான் என்று ஊர் சொல்லும் என்பதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். எஞ்சினுக்குக் கூச்சம் இல்லை. அதனால் எஞ்சினைச் சொல்ல வைத்தார். யந்திரத்தோடு மனிதனுக்கு இருந்த உறவு என்று நாம் சிலாகிப்பதில் இதுவும் ஒரு பகுதி. பிளாஸ்டிக் மூடி போட்ட எஞ்சினால் இப்படி ஒரு பொய்யைச் சொல்ல முடியாது என்பதை அதன் பக்கத்தில் ஒரு புள்ளியாகக் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் அதற்கு வேறு பொய்கள் தெரியும்.

சென்ற மே மாதம் இன்னோவாவில் நாங்கள் ஆறு பேர். அண்ணன் மகன் ஓட்ட, பக்கத்தில் அண்ணன். நடு வரிசையில் கைவைத்த தனித்தனி நாற்காலிகள் இரண்டு, அண்ணியும் மருமகளும். மூன்றாவது வரிசையில் நானும் பேத்தியும். பேத்தி காதில் எதையோ மாட்டிக்கொண்டு வேறு உலகத்தில் இருந்தாள். எனக்கு முழங்கால் நெஞ்சைத் தொட்டது. தலைக்கு மேல் எனக்கென்று ஒரு துவாரத்தில் குளிர்ந்த காற்று வந்தது. “பின்னாடி பரவாயில்லையா சித்தப்பா?” என்று இரண்டு முறை கேட்டான். ஏழு ஸீட் வண்டியிலும் ஒரு கடைசி வரிசை இருக்கிறது. அதற்கென்று சில ஆட்களும் இருக்கிறார்கள். புகாராகச் சொல்லவில்லை. ஹெரால்டில் நான் இருந்த இடம் இதைவிட மேலானது, அவ்வளவுதான்.

ஏழாவது ஸீட் எனக்கும் பேத்திக்கும் நடுவில். அதில் ஒரு ஐஸ் பெட்டியும் இரண்டு பைகளும் இருந்தன.

அண்ணன் வீட்டில் ஒரு அம்மாள் பதினோரு வருஷமாகச் சமையலும், அண்ணியின் முட்டிவலிக்கு ஒத்தடமும், பேத்தியின் வளர்ப்பும் பார்த்து வருகிறார். கிளம்பும்போது வாசலில் நின்றார். கேட்டைத் திறந்துவிட்டு, வண்டி பின்னால் வரக் கை காட்டினார். பேத்தி மட்டும், “ஆயா வரலியா?” என்றாள். மருமகள் சொன்னாள்: “கூரியர் வருதுடா. வீட்டைப் பாத்துக்க ஆள் வேணுமில்ல.”

எனக்கு அந்த வாக்கியம் தெரியும். ஐம்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் அதைச் சொன்ன குரலும் தெரியும். ஐஸ் பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தால் போதும். அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். வீடு என்னுடையது அல்ல, வண்டி என்னுடையது அல்ல, விருந்தாளி எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தேன். பன்னிரண்டு வயதில் எனக்கு எஞ்சின் இருந்தது. இப்போது நாகரிகம் இருந்தது. பத்து நிமிஷம் கழித்துத்தான் டீக்கடை ஓரம் அந்த ஹெரால்டு நின்றது. அழகைப் பற்றி என்னிடம் கேட்டார்கள்.

மலை ஏறியது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொதிக்கவில்லை, நிற்கவில்லை. இதற்குத் திரும்ப 35 அடிக்கு மேல் வேண்டும். ஆனாலும் வளைவுகள் வந்ததும் போனதும் தெரியவில்லை. ஏரியைப் பார்த்தோம், சாப்பிட்டோம், இறங்கினோம்.

ராத்திரி அந்த அம்மாள் கேட்டைத் திறந்தார். எல்லோரும் உள்ளே போனபின், குற்ற உணர்ச்சியைக் கழித்துக்கொள்ளும் அவசரத்தில் அவரிடம் கேட்டேன்: “நீங்க ஏற்காடு போயிருக்கீங்களா?”

“என்னங்கய்யா இப்படிக் கேக்கறீங்க? சின்ன வயசுல மூணு சீஸன் காப்பிப் பழம் பறிக்கப் போனேன். இப்பவும் தங்கச்சி வீட்டுக்குப் போவேன். பஸ்ஸுதான் போகுதே” என்றார்.

பஸ். எனக்கு அது உறைத்தது. இத்தனை வருஷமாக அத்தையை நினைக்கும்போதெல்லாம் நாலு ஸீட்டையும் ஏழாவது தலையையும் 948 ஸி.ஸி.யையும் வைத்துக்கொண்டு அப்பாவை விசாரித்திருக்கிறேன். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அன்றும் பஸ் போயிற்று. 1978இல் எனக்குச் சேலத்திலேயே வேலை கிடைத்தது. அத்தை 1983இல் இறந்தாள். நடுவில் ஐந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். அந்த ஐந்து வருஷத்தில் நானே சிநேகிதர்களோடு அந்த பஸ்ஸில் நாலைந்து முறை போயிருக்கிறேன். ஏரிக்கரையில் உட்கார்ந்து புதுக்கவிதையில் படிமத்தின் இடம் பற்றி இருட்டும்வரை சண்டை போட்டிருக்கிறோம். திரும்பி வந்தால் அத்தை சோறு போடுவாள். “மேலே குளிரா இருந்துதா?” என்று கேட்பாள். இருந்தது என்று சொல்லியிருக்கிறேன். மொட்டை மாடியிலிருந்து சேர்வராயன் மலையின் விளக்குகள் தெரியும். ராத்திரி வடாம் துணியை எடுக்கப் போகிறவள் சற்று நேரம் அங்கேயே நிற்பாள். இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தால் தீர்ந்திருக்கும். அது எனக்குத் தோன்றவில்லை. அத்தை ஏற்காடு போவது என்றால் அது கார் சம்பந்தப்பட்ட விஷயம், அப்பா சம்பந்தப்பட்ட விஷயம் என்றே மனசில் பதிந்திருந்தது. சின்ன வண்டியா பெரிய வண்டியா என்று இன்று பேசுவதும் அதே காரியத்தைத்தான் செய்கிறது. கதவைப் பார்த்துக்கொண்டே நின்றால் ரோடு கண்ணில் படுவதில்லை.

அந்த அம்மாளுக்கு என்று ஏற்காட்டில் ஒரு மிளகுப் பொட்டலம் வாங்கியிருந்தேன். கொடுத்தேன். பிரித்து, இரண்டு மிளகைக் கையில் போட்டுத் தேய்த்து, மோந்து பார்த்தார். “போன வருஷத்துச் சரக்கைக் கட்டிட்டாங்கய்யா. அடுத்த தடவை என்கிட்டச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுக் கேட்டைப் பூட்டப் போனார்.